ஒரு டிக் ரெண்டரை ரூபாய்தானே!

தரகுத் தொழிலில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்குக் கொடுத்திருக்கும் பயிற்சிக் கையேட்டை ஒரு பிள்ளையிடம் வாங்கிப் படித்தேன். வாடிக்கையாளரிடம் எப்படிப் புன்னகைப்பது, போனில் எப்படிக் குழைவது, கணக்கு தொடங்கிவிட்டுச் சும்மா இருப்பவரை எப்படி மறுபடி இழுப்பது என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். 'டிக் மதிப்பு' என்ற தலைப்புக்கு மட்டும் அரைப் பக்கம். அந்த அரைப் பக்கத்திலும் ஒரு மனுஷன் இல்லை, ஒரு மனுஷி இல்லை. வெறும் பெருக்கல். எனக்கு வந்த கோபத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் ஒரு தரகு நிறுவனத்தின் ராமநாதபுரம் கிளையில் இருபத்திரண்டு வருடம் டீலராக இருந்தவள். வாடிக்கையாளர் சொல்கிற ஆர்டரைத் திரையில் அடித்துச் சந்தைக்கு அனுப்புவது என் வேலை. அரண்மனைப் பக்கம் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் அலுவலகம். கீழே இருமல் மருந்து வாங்க வந்தவர்கள் மேலே ஏறி வந்து வெள்ளியும் கச்சா எண்ணெயும் வாங்கிவிட்டுப் போனதை எல்லாம் பார்த்திருக்கிறேன்.

தெரியாதவர்களுக்காக முதலில் சொல்லிவிடுகிறேன். ஃபியூச்சர்ஸ் என்பது பின்னால் ஒரு தேதியில் கைமாறப்போகும் சரக்குக்கு இன்றைக்கே விலை பேசி வைத்துக்கொள்வது. அந்த விலை தன் இஷ்டத்துக்கு நகராது. படி வைத்துத்தான் ஏறும், படி வைத்துத்தான் இறங்கும். அந்த மிகச் சிறிய படிக்குத்தான் டிக் என்று பெயர். டாலர் ஃபியூச்சர்ஸில் ஒரு டிக் கால் பைசா. ஒரு லாட் என்றால் ஆயிரம் டாலர். ஆக, விலை ஒரு டிக் நகர்ந்தால் ஒரு லாட்டுக்கு இரண்டரை ரூபாய் கூடும் அல்லது குறையும். இவ்வளவுதான் பாடம். நாலாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்கு.

இந்தக் கணக்கை வாடிக்கையாளரிடம் சொல்லக்கூடாது என்பதுதான் எனக்கு இந்தத் தொழிலில் கற்றுத்தரப்பட்ட முதல் பாடம். நான் சேர்ந்தபோது கிளை மேலாளராக இருந்தவர் வேலையில் கெட்டிக்காரர், விரல் நுனியில் விலை வைத்திருப்பார். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து அவர் சொன்னது இது: "ரூபாய்ல பேசாதீங்கம்மா. பாயிண்ட்ல பேசுங்க, டிக்குல பேசுங்க. முப்பது பாயிண்ட் போச்சுன்னா ஆளு தாங்கிக்குவான். முப்பதாயிரம் போச்சுன்னா அன்னைக்கே கணக்கை மூடிட்டுப் போயிருவான்." நான் அதை நோட்டில் எழுதிக்கொண்டேன். தொழில் ரகசியம் கிடைத்துவிட்டது என்று அன்றைக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போது என்மேலேயே எரிச்சல் வருகிறது.

இனி நான் சொல்லவந்த விஷயம். ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்னால் நடந்தது. அப்போது டாலர் ஃபியூச்சர்ஸில் யார் வேண்டுமானாலும் இறங்கலாம் என்ற நிலை இருந்தது. இப்போது விதிகளை இறுக்கிவிட்டார்கள்.

தங்கச்சிமடத்தில் ஜெசிந்தா என்று ஒருவர் நண்டுக் கொட்டகை வைத்திருந்தார். நாட்டுப்படகுகள் கொண்டுவரும் நீலக்கால் நண்டை வாங்கி, அவித்து, ஓடு உடைத்து, சதையை மட்டும் பிரித்தெடுக்கும் இடம். பதினாறு பெண்கள் அங்கே உட்கார்ந்து வேலை செய்வார்கள். அந்தச் சதை ஐஸ் பெட்டியில் தூத்துக்குடி போய், டப்பாவில் அடைபட்டு, அமெரிக்காவுக்குக் கப்பலேறும். ஜெசிந்தாவின் கணவர் சவரிமுத்து விசைப்படகு வைத்திருந்தார்.

தூத்துக்குடி ஏற்றுமதியாளர் ஜெசிந்தாவுக்குப் பணத்தைச் சரக்கு ஏற்றிய அன்று தருவதில்லை. இரண்டு மாதம் கழித்து, அன்றைக்கு டாலர் என்ன விலையோ அந்த விலையில் தருவார். அதுதான் ஒப்பந்தம். நண்டு வாங்குகிற காசும் பெண்களின் கூலியும் இன்றைய ரூபாயில் போகிறது. வரவு மட்டும் இரண்டு மாதத்துக்குப் பிந்தைய டாலரில் தொங்குகிறது. முந்தின பருவத்தில் நடுவே டாலர் சரிந்து, ஒரு சரக்கில் லாபமே இல்லாமல் போயிருந்தது.

இந்தப் பெண்ணுக்காகத்தான் டாலர் ஃபியூச்சர்ஸ் என்ற சங்கதியே கண்டுபிடிக்கப்பட்டது என்று சொல்வேன். இரண்டு மாதத்தில் இருபதாயிரம் டாலர் வரவேண்டியிருக்கிறதா? இன்றைக்கே இருபது லாட் விற்று வைத்துக்கொள். டாலர் இறங்கினால் அங்கே தூத்துக்குடியில் குறைவது இங்கே சந்தையில் கிடைக்கும். ஏறினால் இங்கே போவது அங்கே வந்துவிடும். இரண்டும் தட்டிக் கழிந்து, நீ நினைத்த விலை உன் கைக்கு வந்து சேரும். இதில் சூதாட்டம் துளியும் இல்லை.

எங்கள் நிறுவனத்தின் வட்டார மேலாளர் மதுரையிலிருந்து கார் போட்டுக்கொண்டு பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் ஆள் பிடிக்கப் போன ஒரு நாளில் ஜெசிந்தாவைப் பார்த்திருக்கிறார். நல்ல சட்டை, நல்ல பேச்சு. கணக்கு தொடங்கச் சொல்லி, காப்புத்தொகையாக ஐந்து லட்சம் கட்டவைத்துவிட்டார். அது சவரிமுத்து மீன்பிடித் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றி எஞ்சினை இறக்கிப் பழுதுபார்க்க வைத்திருந்த பணம். இருபது லாட் விற்க அதில் பத்தில் ஒரு பங்கு போதும். அதை அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை. மாதக் கடைசி. கிளைக்குக் கொடுத்திருந்த இலக்கில் பாதிகூட எட்டவில்லை. வட்டார மேலாளரிடமிருந்து என் போனுக்குச் செய்தி வந்தது: ஜெசிந்தா கணக்கு, டாலர், இரண்டு மாதம் தள்ளிய கான்ட்ராக்ட், விற்க, இருநூறு லாட்.

நான் கூப்பிட்டுக் கேட்டேன். "சார், புதுக் கணக்கு. இருநூறா?"

"ஆமா பாக்கியம் மேடம். கிளையன்ட்கிட்ட நானே பேசிட்டேன். கால் ரெக்கார்டு என்கிட்ட இருக்கு. அடிங்க."

"அவங்களுக்கு எவ்வளவு டாலர் வருதுன்னு..."

"மேடம், ஒரு டிக் ரெண்டரை ரூபாய்தான். என்ன ஆயிரப்போவுது? டீ விலைகூட இல்ல. மாசக் கடைசி, தெரியும்ல?"

தெரியும். லாட்டுக்கு இவ்வளவு என்று தரகு. இருபது லாட்டில் வருவதைவிட இருநூறு லாட்டில் பத்து மடங்கு. ஆர்டர் அடிக்கும் முன் வாடிக்கையாளரை டீலரே கூப்பிட்டு உறுதிசெய்ய வேண்டும் என்பது விதி. போன் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. நான் கூப்பிடவில்லை. இருநூறு என்று அடித்து அனுப்பினேன். மேலாளர் சொன்னார், நான் செய்தேன் என்று நழுவ எனக்கு விருப்பமில்லை. அடித்தது என் விரல்.

அந்த வாரம் முழுக்க டாலர் மெல்ல மெல்ல ஏறியது. நான் அந்தக் கணக்கைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் மூன்றரை மணி வாக்கில் ஜெசிந்தா என்னைக் கூப்பிட்டார். அதுவரை நாங்கள் பேசியதே இல்லை.

"அக்கா, நான் தங்கச்சிமடத்துலேர்ந்து ஜெசிந்தா பேசுறேன். ஆபீஸ் நம்பர் கேட்டு வாங்குனேன். போனுக்கு இங்கிலீசுல மெசேஜா வந்து விழுகுது. பக்கத்து வீட்டுத் தம்பியப் படிக்கச் சொன்னேன். தொண்ணூறாயிரம் கொறஞ்சிருக்குன்றான். என்னக்கா இது?"

"டாலர் ஏறியிருக்கு தங்கச்சி. அதான் இங்க கொறையுது. ஆனா ஒங்களுக்குத் தூத்துக்குடியில கூடுதலா வருமே, ரெண்டும் சரியாப் போயிரும்" என்று வாய்ப்பாடு மாதிரிச் சொன்னேன்.

"அதத்தான் அந்த சாரும் சொன்னாக. ஆனா கணக்கு இடிக்குதேக்கா. டாலர் நாப்பத்தஞ்சு பைசா ஏறியிருக்குன்னு ஏற்றுமதிக்காரர் சொல்றாரு. இருவதாயிரம் டாலருக்கு எனக்கு அங்கன ஒம்பதாயிரம் கூட வரும். இங்கன எப்புடி தொண்ணூறாயிரம் போவும்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பத்தாம் வகுப்பு தாண்டாத பெண், நண்டுச் சதை எடை போடும் கையோடு, எங்கள் நிறுவனத்தின் தில்லுமுல்லை இரண்டே வரியில் பிடித்துவிட்டார். படித்துப் பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கிய நான் ஐந்து நாளாகப் பிடிக்கவில்லை.

"இருவதாயிரம் டாலர்தானா உங்களுக்கு வரணும்?" என்றேன்.

"ஆமாக்கா. வேற எங்கேர்ந்து வரும்? கொட்டாயில இருக்கதே பதினாறு பொம்பளைங்க."

"நான் அஞ்சு நிமிஷத்துல கூப்பிடுறேன்" என்று வைத்துவிட்டேன்.

உடனே அவரிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் வட்டார மேலாளரைக் கூப்பிட்டேன். இத்தனை வருடப் பழக்கம், மேலே ஒரு வார்த்தை கேட்காமல் நாக்கு எழும்பாது.

"சார், அந்தம்மாவுக்கு இருபது லாட்தான் வேணும். நாம இருநூறு வித்திருக்கோம். நூத்தியெண்பது லாட் வெறும் சூதாட்டமா நிக்குது."

"அவசரப்படாதீங்க மேடம். இன்னைக்கு வெள்ளி. திங்கக்கிழமை டாலர் இறங்கும்."

"இறங்கலன்னா?"

"இன்னும் ஒரு ரெண்டு லட்சம் கட்டச் சொல்லுங்க. தாங்கிக்கலாம்."

"அந்தம்மாட்ட விவரத்தச் சொல்லவா?"

குரல் மாறியது. "என்னத்தச் சொல்லப்போறீங்க? ஃபார்ம்ல கையெழுத்து இருக்கு. ரிஸ்க் இருக்குன்னு அச்சடிச்சுக் குடுத்திருக்கோம். நீங்க பாட்டுக்கு எதையாவது ஒளறி வைக்காதீங்க. சிஸ்டத்துல ஆர்டர் அடிச்சது உங்க ஐடி. ஞாபகம் இருக்கட்டும்."

இதுதான் அவர் வைத்திருந்த கத்தி. நான் திரையைப் பார்த்தேன். சந்தை ஐந்து மணிக்கு மூடும். மணி மூன்றே முக்கால். இருநூறு லாட்டுக்கு ஒரு டிக் என்றால் ஐந்நூறு ரூபாய். விலை ஒரு கண்சிமிட்டலுக்கு ஒரு படி ஏறும், ஒரு படி இறங்கும், மறுபடி இரண்டு படி ஏறும். ஒவ்வொரு படியிலும் ஒரு பெண்ணின் ஒரு நாள் கூலி போய்க்கொண்டிருந்தது. டீ விலைகூட இல்லையாம்!

டாலர் திங்கட்கிழமை இறங்கக்கூடும். ஏறவும்கூடும். எனக்குத் தெரியாது, மேலாளருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. அந்த நூற்றெண்பது லாட் ஜெசிந்தா கேட்டு வாங்கியது இல்லை. தன்னுடையதல்லாத ஆபத்தோடு அவர் சனியும் ஞாயிறும் தூங்க வேண்டியதில்லை. வைத்திருப்பதா முடிப்பதா என்று சொல்ல வேண்டியது அவர்தான், நானுமில்லை, மேலாளருமில்லை.

திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மூன்று முறை, நான்கு முறை. தூத்துக்குடி வண்டிக்குச் சரக்கு ஏற்றுகிற நேரம் அது என்று எனக்கு அப்போது தெரியாது. கணக்குப் படிவத்தில் இன்னொரு எண் இருந்தது. அதில் கூப்பிட்டேன். காற்றின் இரைச்சலோடு ஓர் ஆண் குரல்.

"யாரு?"

"சவரிமுத்து அண்ணனா? ராம்நாட்டுலேர்ந்து பாக்கியம் பேசுறேன், டாலர் கணக்குப் பாக்குற ஆபீஸு. ஜெசிந்தா போன எடுக்கல. அவசரம்."

"நீங்கதானா அது? ஏம்மா, என் எஞ்சின் காசும்மா அது! அந்த ஆளு இங்கன உக்காந்து மீன் கொழம்பு ஊத்திச் சாப்புட்டுட்டு, ரெண்டரை ரூவாதான் ரெண்டரை ரூவாதான்னு சொல்லிட்டுப் போனான். இப்ப லெச்சத்துல போவுதுன்றீக!"

"அண்ணே, திட்டுறது பெறகு திட்டுங்க. எல்லாத்தையும் கேட்டுக்குறேன். அஞ்சு மணிக்குள்ள ஜெசிந்தா எங்கிட்டப் பேசணும். கணக்கு அவங்க பேர்ல இருக்கு."

 யாரையோ பார்த்து அவர் கத்தியது கேட்டது. "ஏலே, வண்டிய எடுறா, கொட்டாய்க்குப் போவணும்!"

படகுத்துறையிலிருந்து கொட்டகைக்கு அரை மணி நேரமாம். எனக்கு அந்த அரை மணி நேரமும் போனது போலவே இல்லை. விலை இன்னும் பதினைந்து பைசா ஏறியிருந்தது. நாலரை மணிக்கு ஜெசிந்தா பேசினார், மூச்சிரைக்க.

அவரிடம் நான் பாயிண்ட் பேசவில்லை, டிக் பேசவில்லை. "தங்கச்சி, இந்தப் போன் பேச்சு பதிவாகுது. பதிவாகட்டும். ஒங்களுக்கு வேண்டியது இருபது லாட். நாங்க வித்தது இருநூறு. தப்பு எங்க மேல. அடிச்சது நான்தான். இருபது லாட்டுல போறது ஒங்களுக்குத் தூத்துக்குடியில திரும்ப வந்துரும், அதத் தொட வேணாம். மிச்சம் நூத்தியெண்பதுல டாலர் ஒரு ரூபா ஏறுனா ஒரு லட்சத்து எண்பதாயிரம் போகும். ஒரு ரூபா இறங்குனா அவ்வளவு வரும். இப்ப முடிச்சா சுமாரா ஒரு லட்சத்துப் பத்தாயிரம் நஷ்டம் நிச்சயம். திங்கக்கிழமை வரைக்கும் வச்சிருந்தா கொறையவும் செய்யலாம், கூடவும் செய்யலாம். எது நடக்கும்னு எனக்குத் தெரியாது. மேலாளர் இறங்கும்ங்கிறாரு. நீங்க என்ன சொல்றீங்களோ அதச் செய்யிறேன்."

அந்தப் பக்கம் பெண்கள் ஓடு உடைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. திட்டுவார், அழுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"அஞ்சு லெச்சமும் போறதுக்கு டாலர் எம்புட்டு ஏறணும்?"

"இன்னும் ரெண்டு ரூபா ஏறுனா போதும், கிட்டத்தட்ட முழுசும் போயிரும்."

"இருவது லாட் மட்டும் இருந்தா?"

"எவ்வளவு ஏறுனாலும் ஒங்களுக்கு அங்க வந்துரும்."

"அப்ப நூத்தியெம்பதையும் முடிச்சுருங்கக்கா. எனக்கு நண்டு யாவாரம் போதும்."

முடிப்பது, அதாவது விற்றதைத் திரும்ப வாங்குவது, என்று வாயால் சொல்லிவிடலாம். இரண்டு மாதம் தள்ளிய கான்ட்ராக்டில் அந்த நேரத்தில் எதிரே ஆளே குறைவு. நூற்றெண்பதையும் ஒரே மூச்சில் கேட்டால் விற்கிறவன் விலையைத் தூக்கிவிடுவான். பத்துப் பத்தாக, இருபது இருபதாக வாங்கினேன். ஒரு இடத்தில் கஞ்சத்தனம் பிடித்து ஒரு டிக் கீழே விலை போட்டுக் காத்திருந்தேன். சந்தை என்னை விட்டுவிட்டு நான்கு டிக் மேலே போனது. அதன்பிறகு பேரம் பேசவில்லை. நான்கு ஐம்பத்திரண்டுக்குக் கடைசிப் பத்து லாட்டும் முடிந்தது. சராசரியாக அறுபத்திரண்டு பைசா நஷ்டம். ஒரு லட்சத்துப் பதினோராயிரத்து அறுநூறு ரூபாய். தொகையை ரூபாயில், தமிழில் எழுதி ஜெசிந்தாவுக்கு அனுப்பினேன்.

திங்கட்கிழமை டாலர் முப்பது பைசா இறங்கியது.

ஆமாம், மேலாளர் சொன்னபடியே இறங்கியது. முடிக்காமல் இருந்திருந்தால் ஐம்பத்துநாலாயிரம் திரும்பியிருக்கும். அவர் காலையிலேயே என்னைக் கூப்பிட்டுச் சிரித்தார். அதோடு விட்டிருந்தால் போகிறது. தங்கச்சிமடத்துக்கும் போன் போட்டு, "எங்க டீலரம்மா பயந்துபோய் அவசரத்துல முடிச்சுட்டாங்க. கையைத் தப்பா வச்சதும் அவங்கதான், இருபதுக்கு ஒரு சைபர் கூட அடிச்சிட்டாங்க. புகார் குடுக்குறதா இருந்தா அவங்க பேரப் போட்டுக் குடுங்க" என்று சொல்லியிருக்கிறார். நேரிலேயே போய், அவர்கள் அனுப்புவதற்குப் புகார் ஒன்றை எழுதியும் கொடுத்திருக்கிறார். இந்த மனுஷன்தான் அந்த வீட்டில் மீன் குழம்பு சாப்பிட்டவர்!

இங்கே நிறுத்தி உங்களிடம் ஒன்று சொல்கிறேன். வெள்ளிக்கிழமை நான் செய்தது தவறா? மறுபடி அதே நாலரை மணி வந்தாலும் அதையேதான் செய்வேன். சந்தை இறங்கியதால் சூதாட்டம் பாதுகாப்பாக மாறிவிடாது. கண்ணை மூடிக்கொண்டு மதுரை ரோட்டைக் கடந்தவன் உயிரோடு நிற்கிறான் என்பதற்காக அவனை யாரும் கெட்டிக்காரன் என்று சொல்லமாட்டார்கள். எங்கள் தொழிலில் மட்டும் சொல்கிறார்கள். பதவி உயர்வும் கொடுக்கிறார்கள்.

புகார் என் பெயரில் வந்தது. சந்தையின் புகார்க் குழு வீடியோ வழியாக விசாரித்தது. ஒரு பக்கம் ஜெசிந்தாவும் சவரிமுத்துவும் தங்கச்சிமடத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில். இன்னொரு பக்கம் நிறுவனத்தின் வக்கீலும் மேலாளரும். நான் தனியாக. ஒரு சைபர் கூடிப்போன மனிதத் தவறு என்று வக்கீல் சொல்லி முடித்தார். நான் மேலாளர் அனுப்பிய செய்தியைக் காட்டினேன். 'இருநூறு லாட்' என்று அவரே எழுதியிருந்தார். அவர் ஜெசிந்தாவோடு பேசிய பதிவைப் போடச் சொல்லிக் கேட்டேன். காணவில்லை என்றார்கள். குழு விடவில்லை. அடுத்த விசாரணைக்குள் அது எப்படியோ கிடைத்துவிட்டது.

அதில் ஜெசிந்தாவின் குரல் தெளிவாக இருந்தது. "எனக்கு வரவேண்டியது இருவதாயிரம் டாலரு சார். அதுக்குத் தக்கன பண்ணுங்க." மேலாளர் குரலும் இருந்தது. "இருநூறு லாட் போட்டுக்கலாம்கா. ஒரு டிக் ரெண்டரை ரூபாய்தான்." அதற்கு ஜெசிந்தா, "நீங்க பாத்துச் செய்யிங்க சார். உங்களுக்குத் தெரியாததா?" என்கிறார்.

நம்பிச் சொன்ன அந்த வார்த்தையைத்தான் வக்கீல் சம்மதம் என்று வாதாடினார். உட்கார்ந்திருக்க முடியாமல் எழுந்து நின்றுவிட்டேன். குழுவில் இருந்த பெண் அதிகாரி என்னைப் பார்த்து, "நீங்கள் ஆர்டர் அடிக்கும் முன் ஏன் வாடிக்கையாளரைக் கூப்பிடவில்லை?" என்று கேட்டார்.

நான் பல பதில்களை யோசித்து வைத்திருந்தேன்.  "மாசக் கடைசிங்க" என்றேன். சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை எவ்வளவு அசிங்கம் என்று என் காதிலேயே விழுந்தது.

நூற்றெண்பது லாட்டின் நஷ்டம் முழுவதையும் நிறுவனம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பானது. கொடுத்தார்கள், ஏழு மாதம் கழித்து. அதற்குள் தடைக்காலம் முடிந்து மற்ற படகுகள் கடலுக்குப் போய்விட்டன. மீதிப் பணம் பற்றாமல் சவரிமுத்துவின் படகு எஞ்சின் இல்லாமல் மூன்று மாதம் கரையில் கிடந்தது. அவர் இன்னொருவர் படகில் கூலிக்குப் போனார். அந்த மூன்று மாதத்துக்கு எந்தக் குழுவும் தீர்ப்புச் சொல்லவில்லை. எனக்கு அந்த வருடம் சம்பள உயர்வு இல்லை. மேலாளர் சென்னைக்கு மாற்றலாகிப் போனார், பெரிய பதவிக்கு.

பணம் வந்த வாரத்தில் ஜெசிந்தா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. விரல் நுனிகளில் நண்டு ஓடு கீறிய தழும்புகள். நான் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

"கணக்க மூட வந்தேன்கா. எங்கன கையெழுத்துப் போடணும்?"

படிவத்தை எடுத்துக் கொடுத்தேன். மனசு கேட்கவில்லை. "தங்கச்சி, இருபது லாட்டு மட்டும் வச்சுக்கிறது நல்லதுதான். ஒங்களுக்கு உண்மையிலேயே அது தேவை. டாலர் இறங்குனா..."

"எறங்குனா எறங்கட்டும். அது கடலு மாதிரி, என்ட்ட வந்து பொய் சொல்லாது."

கையெழுத்துப் போட்டு முடித்தார். பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அன்னைக்கு வெள்ளிக்கெழம மறைக்காமச் சொன்னீக. விசாரணையிலயும் உள்ளதச் சொன்னீக. எங்க வீட்டுக்காரரு உங்களுக்கு நன்றி சொல்லிட்டு வரச் சொன்னாரு. எனக்கு வாய் வரலக்கா. விக்கிறதுக்கு முந்தி அந்தத் திங்கக்கெழமயே ஒரு போன் போட்டுருந்தீகன்னா நான் இருவதுன்னு சொல்லியிருப்பேன்ல?"

 அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மூன்றரை மணி ராமேஸ்வரம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று படியிறங்கிப் போய்விட்டார்.

அடுத்த பருவத்தில் டாலர் இறங்கியது. ஜெசிந்தாவுக்கு ஒரு சரக்கில் அடி விழுந்தது என்று கேள்விப்பட்டேன். எனக்குத் தெரிந்து இந்தக் கடற்கரையில் டாலர் ஃபியூச்சர்ஸ் உண்மையிலேயே தேவைப்பட்ட ஆள் அவர் ஒருவர்தான். அவரைத்தான் நாம் விரட்டிவிட்டோம். வேடிக்கைக்கு விளையாட வந்தவர்களுக்கு எல்லாம் டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்திருந்தோம்.

இன்றைக்கு நீங்கள் டாலரில் அதிகம் அடிக்கப்போவதில்லை. கச்சா எண்ணெய் அடிப்பீர்கள், ஒரு ரூபாய் நகர்ந்தால் லாட்டுக்கு நூறு ரூபாய். இயற்கை எரிவாயு அடிப்பீர்கள், பத்துப் பைசா நகர்ந்தால் நூற்று இருபத்தைந்து. சரக்கு எதுவானாலும், படியின் உயரத்தை மட்டும் சொல்லி எத்தனை லாட்டை அதில் ஏற்றியிருக்கிறோம் என்பதை மறைப்பவன் உங்கள் மேலாளராகவே இருந்தாலும் திருடன்தான். 'ஒரு டிக் எவ்வளவு' என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டு நிறுத்தாதீர்கள். 'உங்கள் கணக்கில், இத்தனை லாட்டுக்கு, ஒரு ரூபாய் எதிரே போனால் உங்கள் கையிலிருந்து இவ்வளவு ரூபாய் போகும்' என்று சொல்லுங்கள். அவர்கள் பயந்து ஓடினால் ஓடட்டும். பயப்பட வேண்டிய விஷயத்துக்குப் பயப்படுகிறார்கள், அவ்வளவுதான்.

ஒரு நாள் உங்களுக்கும் மாதக் கடைசியில் ஒரு செய்தி வரும். அடிங்க மேடம், அடிங்க தம்பி, நான் பேசிட்டேன் என்பார்கள். போன் உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கும். முதலில் அதை எடுங்கள்.